மாடியில் ஒரு மாநிலம்

ஒத்திகை பார்த்துவிடலாம் என்று சொன்னவள் நான்தான். நல்ல யோசனை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொல்லி வைத்ததைத்தானே செய்தேன். விட்ட கால் என்னுடையதில்லை என்பது வேறு விஷயம்.

என் நாத்தனார், வீட்டில் எல்லோருக்கும் சின்னவள், பல் செட் செய்கிறவள். டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவள் லேபில் உட்கார்ந்து மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, ஈறுக்கு நிறம் கொடுத்து, கடிக்கிற பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சரி பார்ப்பாள். என் மாமியார் வாயில் இருப்பதும் இவள் செய்ததுதான். அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் இவளையே கடித்துக் குதறுவார். வேறு மாநிலத்தில் ஒரு பெரிய லேபில் சின்னவளின் வேலையைப் பார்த்துவிட்டுத் தலைமை டெக்னீஷியனாக வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். தங்க இடமும் கொடுப்பார்களாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

போனால் அவளுக்கு வாழ்வு. எனக்கு? மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்து வருஷக்கணக்காகிறது. குளிப்பாட்டுவது, தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் சின்னவள்தான். மதியச் சாப்பாட்டு இடைவேளையில்கூட ஓடி வந்து ஒரு தரம் தூக்கிவிட்டுப் போவாள். இதற்காகவே அவளுக்கு வந்த வரன்களையெல்லாம் மூக்கு சரியில்லை, பேச்சு சரியில்லை என்று மாமியார் தட்டிக்கழித்தார். நானும் கூடச் சேர்ந்து மூக்கைப் பார்த்தேன். அவள் போய்விட்டால் அந்த உடம்பு என் தோளில் ஏறும். விஷயம் அவ்வளவுதான், மற்றதெல்லாம் மேல்பூச்சு.

போகாதே என்று நேராகச் சொன்னால் நான் கெட்டவள். அதனால் கேள்வியாகக் கேட்டேன்.

"உனக்கு ஒத்துக்குமா, அதான் எனக்குக் கவலை. அந்த ஊர் பாஷை தெரியாது. தலைவலின்னு படுத்தா ஒரு வாய் வெந்நீர் குடுக்க ஆள் கிடையாது. இக்கரைக்கு அக்கரை பச்சைம்மா."

"போனாத்தானே அண்ணி தெரியும்" என்றாள்.

"போய் ஒத்துக்கலேன்னா திரும்பி வர உனக்குத்தான் அசிங்கம். இங்கயே இருந்து பாரேன். மாடி ரூம் சும்மாதானே கெடக்கு? மாசக் கடைசி வரைக்கும் அதுதான் அந்த மாநிலம்னு வெச்சுக்கோ."

சட்டங்களையும் நானே சொன்னேன். மாடியில் தனியாகச் சமைத்துச் சாப்பிட வேண்டும். வெளிப்படிக்கட்டு வழியாக லேபுக்குப் போய் வர வேண்டும். வீட்டுக்குள் காலை வைக்கக் கூடாது. தெருவில் பார்த்தாலும் நாங்கள் பேச மாட்டோம். பேசுவதென்றால் ஃபோனில் மட்டும். காய்ச்சல் வந்தால் அவளே பார்த்துக்கொள்ள வேண்டும். தாங்க முடியவில்லை என்று கீழே இறங்கி வந்துவிட்டால், போகிற பேச்சை அன்றோடு விட்டுவிட வேண்டும்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். மாமியாருக்கு முகமெல்லாம் பிரகாசம். படுத்தே கிடக்கிறவருக்கு இப்படியொரு விளையாட்டு எத்தனை காலத்துக்கப்புறம்!

"ரூலுன்னா ரூலா இருக்கணும்" என்றார். "நானே செத்தாலும் நீ ஃபோன்லதான் அழணும். இறங்கி வரக்கூடாது."

என் வீட்டுக்காரர் டயர்க் கடை மேனேஜர். கடையில் நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிறவர், வீட்டில் வாயில்லாப் பூச்சி. "உங்களுக்குள்ள பேசிக்குங்க" என்று சொல்லி டிவி சத்தத்தைக் கூட்டினார்.

சின்னவள் ஒரு பெட்டியையும் ஸ்டவ்வையும் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். மறுநாளே நான் மாடிக்குப் போகிற தண்ணீர் வால்வை மூடினேன். போகிற இடத்தில் தண்ணீர் தட்டுப்பாடு இருக்காதா என்ன? ஒத்திகை என்றால் உண்மையாக இருக்க வேண்டாமா? அவள் தெருக்குழாயிலிருந்து குடம் சுமந்து ஏறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாயங்காலம் மாமியார் ஃபோன் போடுவார். "என்னடி, அங்க மழையா? இங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறோம். உன் தட்டை அலமாரில தூக்கி வெச்சாச்சு." ஃபோனை வைத்த கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து விசும்பல் கேட்கும். மாமியாரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நாங்கள் ஒன்றாகச் சிரித்தது அப்போதுதான்.

அதற்குள் இங்கே என் இடுப்பு கழன்றுகொண்டிருந்தது. மாமியார் தலைமாட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் இருக்கும். ஆள் வேண்டுமென்றால் தட்டுவார். தூக்கினால் வலிக்குது என்பார், விட்டால் வழுக்குது என்பார். "அவ கை பஞ்சு. உன் கை முறம்" என்பார். இன்னும் கொஞ்ச நாள்தான், அழுதுகொண்டே இறங்கி வந்துவிடுவாள், பல்லைக் கடித்துக்கொள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் மேலே அழுகை நின்றுபோனது. கட்டிலை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் பாட்டு. சின்னவள் பாடுவாள் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

"அங்க மழையா?" என்று மாமியார் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு ஆரம்பித்தார்.

"இல்லம்மா. நல்ல வெயில். இங்க வெயிலே வேற மாதிரி இருக்கு. சாயங்காலம் ஜன்னல் வழியா கட்டில் வரைக்கும் வருது."

"அது நம்ம வெயில்தாண்டி, கழுதை!"

"இருக்கலாம். அந்த நேரத்துல அங்க நான் உன் கால் அமுக்கிட்டிருப்பேன். வெயிலைப் பார்த்ததில்ல."

கோபமாகச் சொல்லவில்லை. ஊர் விவரம் சொல்கிறவள் மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். மாமியார் ஃபோனைக் கட்டிலில் எறிந்தார்.

அந்த வாரம் மருந்துக்கடையில் அவளைப் பார்த்தேன். முகம் தெளிந்து, தலையை வேறு மாதிரி பின்னிக்கொண்டு நின்றாள். என்னால் தாங்க முடியவில்லை. நான் போட்ட சட்டத்தை நானே மீறி, "என்ன, இளைச்சுட்டியே?" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். "சாரிங்க, என்னையா கேட்டீங்க? நான் இந்த ஊருக்குப் புதுசு" என்றாள்.

அவளை ஃபிராக் போட்ட காலத்திலிருந்து பார்க்கிற கடைக்காரர் வாயைப் பிளந்தார். நான் மாமியாரின் மாத்திரையை வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது என்று அப்போதே புரிந்தது.

லேபுக்கு விடுமுறை நாள் அது. மத்தியானம். டம்ளர் சத்தம் கேட்டு, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதற்காக மாமியாரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். சின்னவள் தூக்குவது இப்படியில்லை. இடுப்பில் டவலைச் சுற்றிப் பிடித்து, வலுவில்லாத முட்டிக்குத் தன் முட்டியை அண்டக்கொடுத்துத்தான் தூக்குவாள். பலமுறை பார்த்திருக்கிறேன். கற்றுக்கொண்டால் என் தலையில் கட்டிவிடுவார்கள் என்று பார்த்தும் பார்க்காத மாதிரி போவேன். மாமியாரின் இடது கால் மடங்கியது. அவர் என்மேல் சாய்ந்தார். இரண்டு பேரும் தரையில். நான் அடியில், அவர் மேலே. பல் செட் தெறித்துக் கட்டிலுக்கடியில் ஓடியது.

என் ஒரு கை அவர் உடம்புக்கடியில் மாட்டிக்கொண்டது. மூச்சு முட்டியது. வெட்கத்தை விட்டுக் கத்தினேன். "சின்னவளே! ஏ சின்னவளே! ஓடி வாடி!"

மாமியாரும் பல்லில்லாத வாயால் கத்தினார்.

மேலே காலடிகள் ஓடின. கதவு திறந்தது. தடதடவென்று படியில் இறங்கும் சத்தம். அப்பாடா என்று கண்ணை மூடினேன். சத்தம் பாதியில் நின்றது.

அங்கே என்ன நினைத்தாளோ. மாமியாரின் மூச்சும் என் மூச்சும்தான் கேட்டுக்கொண்டிருந்தன. பிறகு அந்தக் காலடிகள் மெதுவாக, ஒவ்வொன்றாக, மேலே ஏறிப்போயின.

தரையில் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்த என் ஃபோன் அடித்தது.

"அண்ணி, கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. என்ன ஆச்சு?"

"விழுந்துட்டோம். கீழ வா!"

"ஐயோ. அம்மாவுக்கு ரத்தம் வருதா? தலையில பட்டுச்சா?"

"ரத்தம் இல்ல. என் மேல கெடக்காங்க. எனக்கு மூச்சு முட்டுது. விளையாடாத, வாடி!"

"எப்படி அண்ணி வர முடியும்? நான் எங்க இருக்கேன்னு உங்களுக்குத் தெரியாதா? டிக்கெட் கிடைக்குதான்னு பார்க்கவா? கிடைச்சாலும் வந்து சேர நாளாகுமே."

அவள் கேலி பேசவில்லை. அழுதுகொண்டிருந்தாள். அழுதுகொண்டே அதைச் சொன்னதுதான் எனக்குத் திகிலாக இருந்தது.

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள். "பதறாதீங்க. அம்மா, தலையை வலது பக்கம் திருப்பு. அண்ணி, உங்க கையை இழுக்காதீங்க, தோளைத் தரையோட நகர்த்துங்க. வந்துடும்."

வந்தது. கட்டிலடியில் நீல டவல் இருக்கும் என்றாள், இருந்தது. எங்கே சுற்றுவது, எங்கே பிடிப்பது, எந்த முட்டிக்கு எந்த முட்டி, எப்போது மூச்சை இழுத்துப் பின்னால் சாய்வது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். குரல் ஃபோனிலும் கேட்டது, கூரைக்கு மேலேயிருந்தும் கேட்டது. மாமியார் எழும்பினார். நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு நம்ப முடியவில்லை, கனமே தெரியவில்லை.

"உக்காந்துட்டாங்களா? பார்த்தீங்களா அண்ணி, உங்களுக்கு வந்துடுச்சு" என்றாள். "இனிமே கஷ்டமே இல்ல."

ஃபோனை வைத்தாள்.

மாமியார் மேல்தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் குழிந்து, உதடு உள்ளே போய், பத்து வயது கூடிய மாதிரி இருந்தார். அவர் கண்ணிலும் தண்ணீர். ஆனால் உதட்டோரத்தில் இருந்தது அழுகையில்லை.

"ஒத்துக்கும்" என்றார். பல்லில்லாத வாயில் காற்றாகத்தான் வந்தது. "அவளுக்கு ஒத்துக்கும். என் பொண்ணாச்சே."

கிளம்புகிற அன்று சின்னவள் பெட்டியோடு கீழே வந்தாள். மாமியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சின்னவள் அவர் தோளைக் கொஞ்ச நேரம் தடவினாள். முந்தின நாள் சாயங்காலமே வந்து அவர் வாயில் புதிதாக அச்சு எடுத்து வைத்திருந்தாள். விழுந்ததில் பழைய செட்டில் விரிசல் விட்டிருந்தது. "அங்க போனதும் செஞ்சு கூரியர்ல அனுப்பறேன்" என்றாள்.

வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நீங்க மட்டும் அந்த ஒத்திகை வைக்கலேன்னா நான் போயிருக்கவே மாட்டேன். போயிருந்தாலும் முதல் வாரமே ஓடி வந்திருப்பேன். நீங்க செஞ்சதை மறக்க மாட்டேன்."

மனதாரச் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவளுக்கு நன்றி வேறு.

"இனி நாமதான் பார்த்துக்கணும்" என்றார் என் வீட்டுக்காரர். நாம் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது நான் நன்றாகத் தூக்குகிறேன். கை பஞ்சாகிவிட்டது என்று மாமியாரே வருகிறவர்களிடம் சொல்கிறார். சில சாயங்காலங்களில், கூட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லி மாடிக்குப் போவேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் இழுத்துப் போட்ட கட்டிலில் உட்காருவேன். அவள் சொன்னது நிஜம்தான், வெயில் கட்டில் வரைக்கும் வருகிறது.

நேற்றும் உட்கார்ந்திருந்தேன். கீழே டம்ளரில் ஸ்பூன் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் அசையவில்லை. இது வேறு மாநிலம், எனக்கு எதுவும் கேட்காது, டிக்கெட் கிடைத்தாலும் வந்து சேர நாளாகும் என்று சொல்லிக்கொண்டேன். ஸ்பூன் மறுபடி தட்டியது. கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சத்தம் நின்றது.

அப்புறம் என் ஃபோன் அடித்தது.

"என்ன," என்றார் மாமியார். புதுப் பல் செட்டில் வார்த்தை தெளிவாக விழுந்தது. "அங்க மழையா?"

சின்னவளால் பாதிப் படியில் நிற்க முடிந்தது. நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக இறங்கினேன்.