மூன்று மில்லிமீட்டர்

என் கோபம் கச்சேரி ரோடு முழுக்கத் தெரிந்த விஷயம். மிக்ஸியை ரிப்பேருக்குக் கொண்டு வருகிறவர்கள்கூட முதலில் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுத்தான் கடைப்படி ஏறுவார்கள். "கதிரேசண்ணே, இப்ப வரலாமா, நாளைக்கு வரட்டுமா?" என்று தெருவிலிருந்தே கேட்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் ஒரு பெருமை வேறு. கேடுகெட்ட பெருமை.

மெஹபூப் அலி பாய் ஒருவர்தான் என் கோபத்தைச் சட்டை செய்யாதவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரயில்வேயில் முப்பது வருஷம் டீசல் இன்ஜின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். கடைக்குப் பின்சந்தில், மாடி போர்ஷனில், மகள் உம்மே ஹானியோடு இருந்தார். ரிட்டயர் ஆன கையோடு ஒரு பழைய கதவை இரண்டு டிரங்குப் பெட்டிகளின்மேல் படுக்கப் போட்டு, அதில் தண்டவாளம் பதித்து, சின்ன ரயில் ஓட்ட ஆரம்பித்தார். வேடிக்கை பார்க்கப் போன நானும் அதில் விழுந்துவிட்டேன். பொம்மை ரயில் என்று யாராவது சொன்னால் இரண்டு பேருக்கும் பற்றிக்கொண்டு வரும். நிஜ வண்டியின் அளவை எண்பத்தேழால் வகுத்துச் செய்வது அது. மயிரிழை பிசகக் கூடாது.

தான் கடைசியாக ஓட்டிய இன்ஜின் மாதிரியே அச்சாக ஒன்று அந்தக் கதவுமேல் ஓட வேண்டும் என்பது பாயின் ஆசை. கடையில் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை. அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் பழைய இன்ஜினை வாங்கி, மேல் கூட்டைக் கழற்றிவிட்டு, மோட்டாரும் சக்கரமும் இருக்கிற அடிப்பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். புதுக் கூட்டை நான் பித்தளைத் தகட்டில் செய்தேன். பதினோரு மாதம். ஜன்னல், ஏணி, கைப்பிடிக் கம்பி, ஹாரன் எல்லாம் என் கையால் செய்தது. பெயின்ட் காய்ந்த அன்று வைத்த கண் வாங்காமல் நானே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பாய்க்கு இரண்டு கிட்னியும் போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆகியிருந்தது.

முதல் ஓட்டத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தோம். இன்ஜின் ஷெட்டிலிருந்து வண்டி எடுக்கும்போது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது வழக்கம். பாய் ஒருநாளும் அதைத் தவறவிட்டதில்லையாம். இத்தனூண்டு சக்கரத்துக்கு ஏற்ற எலுமிச்சைக்கு எங்கே போக? தொட்டிச் செடியிலிருந்து கறுத்த மணத்தக்காளிப் பழம் ஒன்றைப் பறித்துவந்து தண்டவாளத்தில் வைத்தார்.

"ஒரு ஜாண் தள்ளி வெக்கிறேன் கதிரு. கொஞ்சம் ஸ்பீடு எடுக்கட்டும்."

சுவிட்சைத் திருப்பினேன். வண்டி அரை ஜாண் போயிற்று. 'டக்'கென்று ஒரு சத்தம். நின்றுவிட்டது. பழம் வைத்த இடத்திலேயே இருந்தது.

பிரித்துப் பார்த்தால் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருந்தது. அந்தச் சாமானைச் செய்வதையே அந்தக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது.

இரண்டாம் நாள் பாய் சொன்னார்: "ஜப்பான் கம்பெனி அடிப்பாகம் ஒண்ணு கீது கதிரு. மோட்டாரு, சக்கரம் எல்லாம் சேத்தே வருது."

"நானும் பாத்தேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல மூணு மில்லிமீட்டர் ஜாஸ்தி பாய். கூட்டை அடியில அறுத்தாத்தான் உள்ள போவும்."

"அறு."

"இன்னா அறு? கத்திரிக்காயா அது? பதினோரு மாசம் பாய்!"

"ஷெட்டுல நாங்க இன்னா பண்ணுவோம்னு நெனைச்சே? இந்த வண்டி சாமானைக் கழட்டி அந்த வண்டில மாட்டித்தான் ஓட்டுவோம். வண்டின்னா ஓடணும். எனக்கே வேற ஆளு கிட்னி போடலாம்னு பேரு எழுதி வெச்சிக்கினு கீறாங்க. ரயிலுக்குப் போடக்கூடாதா?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. "அறுத்துத்தான் ஓட்டணும்னா நீ வேற ஆளைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, இன்ஜினைத் துணியில் சுற்றிக்கொண்டு தடதடவென்று படியிறங்கினேன். நோயாளி மனுஷன் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அதன்பிறகு பாய் அறுக்கச் சொல்லவே இல்லை. நான் அமெரிக்காவில் பழைய சாமான் விற்கிற ஒவ்வொருவனுக்கும் மெயில் போட்டுக்கொண்டிருந்தேன். ஏழு வாரம் கழித்து ஒரு பல்சக்கரம் வந்தது. அதிலும் விரிசல். மறுபடி மெயில். வாரத்துக்கு ஒருமுறை பாயைப் பார்க்கப் போவேன். "ஓடுச்சா?" என்பார். "சாமான் வரல" என்பேன். "வரட்டும், வரட்டும்" என்பார். வாரத்துக்கு வாரம் சட்டைக்குள் ஆள் கரைந்துகொண்டே வந்தார். எனக்கு அது கண்ணில் படாமல் இல்லை. ஆனாலும் மண்டைக்குள் அந்த மூணு மில்லிமீட்டர்தான் உட்கார்ந்திருந்தது.

ஒரு புதன்கிழமை காலை, டயாலிசிஸுக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர், மூச்சு வாங்குகிறது என்று கட்டிலில் உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். போன் வந்தபோது இன்ஜின் என் கடை டிராயரில் கூடு வேறு அடிப்பாகம் வேறாகக் கிடந்தது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து, மறுநாள் மத்தியானம் உம்மே ஹானி கடைக்கு வந்தாள். கையில் ஒரு அட்டைப்பெட்டி.

"மாமா, இது உங்களுக்குத்தான். அத்தா வாங்கி வச்சிருந்தாங்க."

திறந்தேன். ஜப்பான் கம்பெனி அடிப்பாகம். சக்கரம் பளபளவென்று இருந்தது, எண்ணெய் வாசனை வந்தது.

"எப்பம்மா வாங்குனாரு?"

"நீங்க சண்டை போட்டுட்டுப் போனீங்களே, அதுக்கடுத்த வாரமே. வெள்ளிக்கிழமையானா எடுத்து எண்ணெய் விட்டுத் தொடைச்சு வைப்பாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே ஹானி!"

"நீங்க சந்துல வர்றப்பல்லாம் என்னைப் பால்கனியிலேர்ந்து பாக்கச் சொல்வாங்க மாமா. 'கதிரு மூஞ்சி எப்படி கீது?'ன்னு கேப்பாங்க. நான் 'கோவமா வர்றாரு அத்தா'ம்பேன். 'சரி, இன்னைக்கு வேணாம், கோவம் எறங்கட்டும்'னு பெட்டியைக் கட்டிலுக்கடியில தள்ளிடுவாங்க."

அட கடவுளே. எந்த வாரமும் நான் பாய்மேல் கோபமாகப் போகவில்லை. மிக்ஸிக்காரி ஒருத்தியிடம் கத்திவிட்டுப் போயிருப்பேன். கரண்ட் போன எரிச்சலில் போயிருப்பேன். சும்மாவே என் மூஞ்சி அப்படித்தான். அந்த மூஞ்சியைப் பார்த்துப் பயந்து, பதினாறு வாரம், அந்த மனுஷன் தன் ஆசையைக் கட்டிலுக்கடியில் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார். செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அவள் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கினேன். கூட்டைக் கவிழ்த்து வைத்து ஆக்ஸா பிளேடை எடுத்தேன். முன்னால் ஒன்றரை, பின்னால் ஒன்றரை. அறுத்து, அரத்தால் ராவி, ஜப்பான் அடிப்பாகத்தை உள்ளே வைத்து அழுத்தினேன். கிளிக்கென்று உட்கார்ந்தது. மேஜைமேல் நிற்க வைத்து இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். அறுத்த இடம் எனக்கே தெரியவில்லை.

அன்று சாயங்காலமே பின்சந்துக்குப் போனேன். பால்கனியில் யாரும் இல்லை. அறையில் பழைய கதவும் தண்டவாளமும் அப்படியே இருந்தன. கட்டிலில் போர்வை மடித்து வைத்திருந்தது. தொட்டிச் செடி வாடியிருந்தாலும் ஒரே ஒரு பழம் இருந்தது. பறித்துத் தண்டவாளத்தில் ஒரு ஜாண் தள்ளி வைத்தேன். அது இரண்டு தரம் உருண்டு விழுந்தது. ஹானிதான் எடுத்துக் கொடுத்தாள்.

சுவிட்சைத் திருப்பினேன். வண்டி சத்தமே இல்லாமல் கிளம்பியது. பழத்தை நசுக்கியது. வளைவில் சாய்ந்து திரும்பி, கட்டில் பக்கமாகப் போய், மறுபடி எங்கள் முன்னால் வந்தது.

"ஓடுச்சு பாய்" என்றேன்.

ஹானி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வண்டி ஐந்தாறு சுற்றுச் சுற்றுகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குத்திக்காட்டுகிற தொனி துளிகூட இல்லாமல் சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இதை மாட்டுறதுக்கு எவ்ளோ நேரமாச்சு மாமா?"

"ஒரு மணி நேரம்மா" என்றேன்.