மெல்லிய நரம்பு

ஆர்டனுக்குக் கைநடுக்கம் முற்றிவிட்டது. காபிக் கோப்பையை அக்கா நெட்ரா பாதிதான் நிரப்பிக் கொடுப்பாள். யெல்லோஸ்டோன் ஆற்றில் இன்னும் ஒரே ஒரு டிரவுட் மீனைப் பிடித்து, தன் கையாலேயே தண்ணீரில் திருப்பி விட்டுவிட்டு, தூண்டிலை மூலையில் வைத்துவிடுவதாக அவன் சொன்னான். அவள் படகை இறக்கினாள். பிடிப்பது யாருக்கும் வரும், உயிரோடு விடத்தான் கை வேண்டும் என்பது அந்த ஆற்றுக்காரர்களின் கொள்கை.

மீனை ஏமாற்றும் போலிப் பூச்சியைத் தூண்டில் நரம்பில் கட்டுவதும் அவள் வேலையாகியிருந்தது.

"தடி நரம்பா கட்டுறேன்டா. ஆகஸ்ட் மாசம், தண்ணி சுடுது, ரொம்ப நேரம் இழுத்தா மீன் தாங்காது. சட்டுனு இழுத்துடலாம்."

"தடி நரம்புல காட்டெருமையப் பிடி, போ. எனக்கு மெல்லிசுதான்."

"கை ஆடுறது பத்தாதுன்னு வாயும் ஆடுது உனக்கு."

அவன் சிரித்தான். கண்ணும் மங்கல்தான் அவனுக்கு. தடி நரம்பைக் கட்டியிருந்தால் தெரிந்திருக்காது. தம்பியை ஏமாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. மெல்லியதையே கட்டினாள்.

மாட்டியது பெரிய மீன். நரம்பு அறுந்துவிடுமோ என்று ஆர்டன் விட்டு விட்டுப் பிடித்தான். மீன் பாறைகளைச் சுற்றி ஓடியது, திரும்பியது, மறுபடி ஓடியது. வெயில் ஏறியது.

"போதும்டா, அறுத்து விட்டுடு. அது செத்துடும்."

"இரு அக்கா, வந்துடுச்சு."

கரையோரம் வந்தபோது அது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. ஆர்டன் கூழாங்கற்களில் மண்டியிட்டு, அதை நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்துக்கொண்டான். செவுளில் தண்ணீர் ஓடினால் தெம்பு வந்துவிடும். அப்படி எத்தனையோ மீன்களை அவன் விட்டிருக்கிறான்.

வெகுநேரம் பிடித்திருந்தான். நெட்ரா படகைக் கட்டிவிட்டு அருகே வந்தாள்.

"அசையுதுக்கா. வால் ஆடுது பாரு. இன்னும் கொஞ்சம் தெம்பு வரட்டும், விட்டுடறேன்."

வால் ஆடத்தான் செய்தது. அவள் செவுளைப் பார்த்தாள். அது திறந்து மூடவில்லை. தண்ணீரில் இறங்கி, அவன் கைகளின் மேல் தன் கைகளை வைத்து அழுத்திப் பிடித்தாள்.

நடுக்கம் நின்றது. மீனின் வாலும் நின்றுவிட்டது.

ஆர்டன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "கைய எடுத்துடுக்கா," என்றான்.