நாற்பத்து நான்கு லட்சம் எழுத்து

கணினித் திரையில் இரண்டு மரபணு வரிசைகளும் அக்கம்பக்கமாக வந்து நின்றதும் கிருமி அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. முப்பது வருடமாகக் காசநோய்க் கிருமியோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு ஆய்வகத்து இளசுகள் வைத்த பெயர் அது, அவளும் கோபித்துக்கொள்வதில்லை. மூடப்பட்ட பழைய மருத்துவமனையிலிருந்து வந்த குப்பிகளில் உறைந்து கிடந்த கிருமிகளை எழுப்பி, அவற்றின் மரபணுவை முதல் எழுத்திலிருந்து கடைசிவரை படித்து வைப்பதுதான் இப்போதைய வேலை. ஒரு கிருமிக்கு நாற்பத்து நான்கு லட்சம் எழுத்து. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியிருந்தால் ஐந்தாறு எழுத்துதான் மாறியிருக்கும்.

இந்த இரண்டு குப்பிகளுக்கும் பதிவேட்டில் ஒரே முகவரி, அவள் பிறந்த வீடு. ஒன்று அம்மாவுடையது. மற்றது சித்தப்பாவுடையது. மாறியிருந்த எழுத்துகளோ ஆயிரத்துச் சொச்சம்.

அந்த வீட்டில் அம்மாவும் சித்தப்பாவும் சீட்டாட உட்கார்ந்தால் அமர்க்களம்தான். "அண்ணி, அழுகுணி ஆட்டம்!" என்று அவர் கத்துவார். "தோக்குறவங்க அப்படித்தான் கத்துவாங்க" என்பாள் அம்மா. சித்தப்பாவின் தோளில் உட்கார்ந்து இவள் இரண்டு பேர் சீட்டையும் பார்ப்பாள். எவ்வளவு நல்ல சாயங்காலங்கள்! அப்புறம் அவருக்கு இருமல் வந்தது. டம்ளர் கலந்துவிடக் கூடாதென்று அம்மாவே தன் நகப்பூச்சால் அவருடைய டம்ளரின் அடியில் சிவப்புப் புள்ளி வைத்தாள். ஆறு மாதத்தில் அவளும் இருமினாள். அவர் பிழைத்தார்; அவள் போய்விட்டாள்.

"இவன்தான் கொண்டாந்து கொடுத்தான்" என்று அப்பா ஒரே ஒரு முறைதான் சொன்னார். அது போதுமாயிருந்தது. சித்தப்பா தனி அறை பார்த்துக்கொண்டு போனார், டம்ளரோடு. உடம்பு தேறி எத்தனையோ வருடம் ஆன பிறகும் எந்த வீட்டு விசேஷத்திலும் அவருக்குக் கடைசி நாற்காலி, சொந்த டம்ளர். ஒரு முறை இவள் ஓடிப்போய் அதில் வாய் வைக்கப் போனபோது வெடுக்கென்று பிடுங்கி, டீயைத் தரையில் கொட்டினார். சித்தப்பாவுக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று வெகுகாலம் நினைத்திருந்தாள், பைத்தியக்காரி.

அப்பா இப்போது இல்லை. சித்தப்பாவுக்கு எண்பது. மறுநாள் மத்தியானமே கிளம்பிப் போனாள்.

"சித்தப்பா, அம்மாவுக்கு வந்தது உங்ககிட்டேருந்து இல்ல. ரெண்டும் வேற வேற கிருமி. ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

அவள் நீட்டிய ஆய்வகக் காகிதத்தை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ யாருகிட்டேருந்து?"

"தெரியாது. பஸ்ல, கடையில, எங்கேயோ. நீங்க இல்ல. அவ்வளவுதான் தெரியும்."

"உங்கப்பா சொன்னப்போ எனக்குக் கோபமே வரலம்மா. நானும் அப்படித்தான்னு நம்பிட்டேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இந்த மனுஷர் இல்லாத பாவத்தையும் சேர்த்தல்லவா சுமந்திருக்கிறார். அப்பாவின் மேல் கோபம் கோபமாக வந்தது.

சித்தப்பா எழுந்து டீ போட்டார். அவளுக்குக் கண்ணாடி கிளாஸ், தனக்குப் பழைய டம்ளர். ஊற்றிக்கொண்டே சட்டென்று சிரித்தார். "உங்கம்மா நிஜமாவே அழுகுணி ஆட்டம்தான் ஆடுவாங்க. முந்தானைக்குள்ள சீட்டை ஒளிச்சு வைப்பாங்க." நாற்பத்தைந்து வருடத்தில் அம்மாவைப் பற்றி அவர் சொன்ன முதல் குறை அது.

அவள் தன் கிளாஸை அவர் பக்கம் நகர்த்திவிட்டு அவருடைய டம்ளரை எடுத்தாள். பழைய பழக்கத்தில் அவர் கை பிடுங்குவதற்காக நீண்டு, மேசையின் பாதியில் நின்றது. அவள் வாய் வைத்து, டம்ளரை நன்றாகச் சாய்த்துக் குடித்தாள். டம்ளரின் அடியில், அவர் வருடா வருடம் புதிதாகத் தீட்டி வைத்த சிவப்புப் புள்ளி அவர் முகத்துக்கு நேரே தெரிந்தது.