நனைந்த பாய்

மூன்றாவது முறையாக விக்டோரியா நடுவீட்டைத் துடைத்தாள். முதல் முறை டெட்டால், இரண்டாம் முறை அப்பச்சோடா கரைத்த வெந்நீர், இப்போது எலுமிச்சை வாசனை போட்ட ஏதோ ஒரு திரவம். துடைத்து முடித்ததும் குனிந்து, தரைக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். ஐம்பது வயதில் தன்னையே மோப்பம் பிடிக்க வைத்துவிட்டதே இந்த நாய் என்று எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இன்னும் அரைமணி நேரத்தில் அன்பியத்துக்காரர்கள் வந்துவிடுவார்கள். முப்பது வீடு சேர்ந்தது ஓர் அன்பியம். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் அந்த முப்பது வீட்டாரும் ஒரு வீட்டில் கூடிச் சிலுவைப்பாதை சொல்வார்கள். இந்த வாரம் அவள் வீட்டு முறை.

ராணிக்குப் பதினாலு வயது. மகன் லிஜின் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த குட்டி. லிஜின் இப்போது துபாயில், புருஷன் மரியஜான் கொச்சியில் ஒரு விசைப்படகில். வீட்டில் மிச்சம் அவளும், மாமனார் மத்தியாஸும், ராணியும்தான். ஆறு மாதமாக ராணிக்குத் தூக்கத்தில் மூத்திரம் கசிகிறது. முதலில் கொழுப்பு என்றுதான் நினைத்தாள். துடைப்பத்தால் நாலு போடவும் செய்தாள். அடி வாங்கிய நாய் ஓடவில்லை. தலையைத் தாழ்த்தி, நனைந்த இடத்தை நக்கிச் சுத்தம் பண்ணப் பார்த்தது. அன்றைக்குத் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அழுதவள் பிறகு அதன்மேல் கை வைத்ததில்லை.

அதுக்குத் தெரியாமலே போகிறது, வயசாகிவிட்டது என்று சொல்லி மிருக டாக்டர் மாத்திரை கொடுத்தார். படுக்கைக்கு அடியில் தார்ப்பாய், மேலே மாமனாரின் பழைய கைலி, இரண்டு மணிக்கொரு தரம் கொல்லையில் தென்னைமரத்து மூட்டுக்குக் கூட்டிப்போவது என்று எல்லாம் பழகிவிட்டது. வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் மட்டும் பழகவில்லை. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் செய்து கல்யாண வீடுகளுக்குக் கொடுக்கிறவள் அவள். நாய் மோண்ட வீட்டுப் பலகாரம் என்று ஒரு வாய் சொன்னால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான்.

மத்தியானமே பாய்கள் வந்திருந்தன. அன்பியத்துக்குப் பொதுவான கோரைப்பாய்கள் அவை. மரச்சிலுவையோடும் மெழுகுவர்த்தித் தண்டோடும் வாராவாரம் வீடு மாறிக்கொண்டே இருப்பவை. மூலையில் போட்டிருந்த சுருள்மேல் ராணி ஏறிப் படுத்துத் தூங்கியதை விக்டோரியா பார்த்தாள். எழுப்பிக் கொல்லையில் கொண்டுபோய்க் கட்டினாள். தரையைத் துடைத்தாளே தவிர, பாயைத் தொட்டுப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

சிலுவைப்பாதையில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பதினான்கு நிலைக்கும் முழங்காலிட வேண்டும். பன்னிரண்டாம் நிலையில், இயேசு உயிர்விடும் இடத்தில், வெகுநேரம் பேசாமல் முழங்காலில் நிற்பார்கள். மத்தியாஸுக்கு முட்டு மடங்காது. பாயின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். அவர் நாற்காலிக்கு அடுத்து முழங்காலிட்டிருந்த சஜிதா, அன்பியத் தலைவி, எழுந்தபோது சேலையைத் தொட்டுப் பார்த்ததையும், விரலை மூக்கருகே கொண்டுபோனதையும் விக்டோரியா கண்டாள். மிச்ச ஜெபம் எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

ஜெபம் முடிந்ததும் சஜிதா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "விக்டோரியாக்கா, பாயி நனைஞ்சு கெடக்கே. ஒரு வாடையும் அடிக்கி. என்னதாக்கும்?"

கொல்லையில் ராணி ஒரு தடவை முனகியது. நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். விக்டோரியாவின் கண் அவளைக் கேட்காமலே பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போனது.

"மாமாவுக்கு... இப்பம் கொஞ்ச நாளா அறியாம போயிருது."

"ஐயோ பாவம். வயசாச்சில்லா. எனக்க அப்பாவும் கடைசில அப்பிடித்தான் கெடந்தாரு. நீங்க ஒண்ணும் விசனப்படாதீங்கக்கா."

மத்தியாஸுக்கு முட்டுதான் போயிற்று, காது போகவில்லை. அவர் குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார். அது காய்ந்துதான் இருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து, மெல்ல விரித்து, மடிமேல் போட்டுக்கொண்டார். விக்டோரியாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவுவார். அன்பியத்துக்கு ஒருவர். இந்த வருடம் இவர்கள் அன்பியத்தில் மத்தியாஸ் பெயர் வந்திருந்தது. வாழ்நாளெல்லாம் தங்கல் மீன்பிடிக்குப் போய், நாள்கணக்கில் கடலிலேயே கிடந்த மனிதர். எழுபத்தாறு வயதில்தான் முறை வந்தது. ஒரு மாதமாகச் சாயங்காலந்தோறும் செங்கல் துண்டால் குதிகால் வெடிப்பைத் தேய்த்து, எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். புது வேட்டியும் எடுத்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சஜிதா வந்தாள். கையில் பெரியவர்களுக்கான டயப்பர் பொட்டலம்.

"தப்பா எடுக்காதீங்க அக்கா. வியாழக்கிழம பீடத்துல ஒரு மணிக்கூரு இருக்கணும்லா. அத்தன ஆளுக்க முன்ன அவருக்கு ஒரு கொறச்சல் வந்திரக்கூடாதுன்னுதான். அவருக்குப் பதிலா நம்ம அன்பியத்துல சிஜினுக்க அப்பா பேர குடுத்தாச்சு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடுப்பில் ஈஸ்டர் ஆர்டருக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.  பொட்டலத்தை வாங்கி உள்ளே வைத்தாள்.

சாயங்காலம் மத்தியாஸ் செங்கல் துண்டை எடுக்கவில்லை. ராணியின் நனைந்த கைலியை உருவிவிட்டு வேறொன்றை விரித்துக்கொண்டிருந்தார். விக்டோரியா நிலைப்படியில் நின்றாள்.

"மாமா, நான் சஜிதாட்ட போயி உள்ளத சொல்லிட்டு வாறேன்."

"என்னத்துக்கு மக்கா? ஒனக்க ஆர்டர் எல்லாம் போயிரும்." அவர் நிமிரவில்லை. "காலு கழுவ நம்ம வீட்டுல வெள்ளம் இல்லியா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். நான்கு நாள் சோறு இறங்கவில்லை. அவருக்குப் போடும் தட்டைக்கூட அவர் முகத்தைப் பார்க்காமல்தான் வைத்தாள்.

பெரிய வியாழன் சாயங்காலம் பூசைக்கு முன்னால், கோயில் முற்றத்தில் சஜிதாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். முறுக்காவது கொத்தாவது, போனால் போகட்டும் என்றிருந்தது.

"அன்னைக்குப் பாய நனைச்சது மாமா இல்ல. எனக்க நாயி. நான் கள்ளம் சொன்னேன்."

சஜிதா அவளையே பார்த்தாள். பிறகு கண் கலங்கி, இரண்டு கையாலும் அவள் கையைப் பொத்திக்கொண்டாள்.

"அவருக்க மானத்துக்கு வேண்டி நாயிமேல பழி போடுதியளாக்கும். உங்கள மாதிரி ஒரு மருமவ கெடைக்க குடுத்து வச்சிருக்கணும் அக்கா."

"இல்லட்டி, சத்தியமா..."

"எனக்குத் தெரியும்க்கா." மணி அடித்தது. சஜிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மத்தியாஸ் புது வேட்டியில் ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் இருந்தார். வாசலுக்குப் பக்கத்து இடம், அவசரத்துக்கு எழுந்துபோகத் தோதான இடம். யாரோ கைகாட்டி உட்கார வைத்திருக்க வேண்டும். அந்தப் பெஞ்சில் வேறு யாரும் இல்லை. விக்டோரியா பெண்கள் பக்கம் போகாமல் நேராகப் போய் அவர் அருகில் உட்கார்ந்தாள்.

முன் வரிசைகளில் தலைகள் திரும்பின. சஜிதா பக்கத்திலிருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். அவளும் திரும்பி, விக்டோரியாவைப் பார்த்துத் தலையை அசைத்தாள். எல்லார் முகத்திலும் அன்பு. ஒரு முகமாவது தன்னை அருவருப்போடு பார்க்காதா என்று ஏங்கினாள் விக்டோரியா.

பீடத்தில் சாமியார் மண்டியிட்டார். முதல் ஆளின் பாதத்திலிருந்து தாம்பாளத்தில் தண்ணீர் விழும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. மத்தியாஸ் அவள் பக்கம் திரும்பாமலே, அவளை விட்டுச் சுவரோரமாக ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.