சாட்சிக்கு விட்ட மண்

ஷார்ஜா தொழில்பேட்டையில் 1976-ல் நாங்கள் கிடங்கு கட்டவிருந்த இடத்தில் ஒரு மேடு இருந்தது. காய்ந்து இறுகிய மண். அடியில் தண்ணீர்க் குழாய் போனதால் மெஷின் கூடாது, ஆளை வைத்துத்தான் வெட்ட வேண்டும் என்று முடிவானது. சாத்தூர்ப் பக்கத்துக் கார்மேகமும் அவரோடு பதின்மூன்று பேரும் கடப்பாரையும் மண்வெட்டியுமாக இறங்கினார்கள். வெட்டுவதற்கு முன் மேட்டின் உயரத்தை அளந்து குறித்து வைப்பது எஞ்சினியரான என் வேலை. நான் அளக்கவில்லை. மனைவி நீலாவும் பிள்ளைகளும் ஊரிலிருந்து வரப்போகிறார்கள் என்று துபாயில் தேராப் பக்கம் வீடு பார்த்து அலைந்துகொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பத்தாம் நாள் காலையில் சைட்டுக்குப் போனால் ஒரே ரகளை. முந்தின நாள்தான் லண்டனிலிருந்து வந்து இறங்கிய, அந்த மேட்டைப் பார்த்தேயிராத புது மேனேஜர் கோல்மன் முகம் சிவந்து நின்றார். மேட்டைக் காணோம். வெட்டிய மண்ணை லாரிகள் அன்றன்றே கொண்டுபோய்விட்டன. நட்டநடுவில் மட்டும், ஓர் ஆள் கட்டிப்பிடிக்கிற அகலத்தில் ஒரு மண்திட்டு, தலையில் ஒரு முள்செடியோடு நின்றது.

"ஒன்பது நாளாகத் தரையைச் சுரண்டியிருக்கிறார்கள். அதிலும் ஒரு குவியலை அள்ளாமல் விட்டிருக்கிறார்கள்" என்றார் கோல்மன். "அதை உடைக்கச் சொன்னால் முடியாது என்கிறான் உங்கள் ஆள். பதினான்கு பேரையும் சனிக்கிழமை விமானத்தில் ஊருக்கு ஏற்றிவிடப் போகிறேன்."

கார்மேகத்துக்கும் கோபம் குறைவில்லை. "அளக்காம அதைத் தொடமாட்டோம் சார். சாட்சிக்கு விட்ட மண்ணு அது. அதையும் வெட்டிட்டா நாங்க வெட்டுனது எம்புட்டுன்னு யாருக்குத் தெரியும்? அனுப்புறதுன்னா அனுப்பட்டும். சோம்பேறின்னு பேரு வாங்கிட்டுப் போகமாட்டோம்."

மேடு இருந்ததென்று வாயால் யாரும் சொல்லலாம். எவ்வளவு உயரம் என்று காட்ட அந்தத் திட்டை விட்டால் வேறு ஆதாரம் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வேலை தப்பும், அவர்கள் போய்விடுவார்கள். அப்படியே விட்டுவிடலாமா என்றும் தோன்றியது. பிறகு என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

"மேட்டை அளக்காமல் விட்டது நான்" என்றேன் கோல்மனிடம். "என் வேலையையும் சேர்த்து அவர்கள் செய்திருக்கிறார்கள். இந்தத் திட்டின் உச்சிதான் பழைய தரை."

"இவர்களே மண்ணைக் குவித்து இப்படி ஒரு திட்டைச் செய்து வைத்திருக்கலாமே?" என்றார்.

"செடியைப் பிடுங்கிப் பாருங்கள்."

மனுஷன் விடவில்லை. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். செடி அசையவில்லை. கார்மேகம் கடப்பாரையால் திட்டின் ஒரு பக்கத்தை மெல்லச் செதுக்கினார். விரல் தடிமனில் வேர் நேராக இறங்கித் தரைக்குள்ளும் போயிருந்தது. சுற்றிலும் மண் கல்லாக இறுகியிருந்தது. ஒன்பது நாளில் அப்படி ஒரு வேரை யாரும் நட்டுவைக்க முடியாது.

கோல்மன் டேப்பை வாங்கித் தானே அளந்தார். ஐந்தடி இரண்டு அங்குலம். நீளவாட்டில் நடந்தார், அகலவாட்டில் நடந்தார், கணக்குப் போட்டார், நம்பாமல் மறுபடியும் போட்டார்.

"இவ்வளவும் கையாலா?"

"கையால்தான்" என்றேன்.

"யாரும் எங்கும் போக வேண்டாம்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் மட்டும் நாளைக் காலையில் என் ரூமுக்கு வாருங்கள். அது சரி, இந்த முறையை எந்தக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள்?"

ஏதாவது ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். எங்கள் வீட்டில் முன்னோர் செய்த தொழிலைப் பற்றி வெளியாட்களிடம் பேசுவதே கிடையாது. பரம்பரையாக ரயில்வேக் குடும்பம் என்று மட்டும் நீலாவிடம் சொல்லியிருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் என்று அவளாக நினைத்துக்கொண்டாள், நானும் திருத்தவில்லை.

"என் பூட்டன் மண் வெட்டியவர்" என்றேன். "நூறு வருஷத்துக்கு முன்னால் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை போட்டபோது தண்டவாளத்துக்கான கரைக்கு மண் வெட்டிக் கொட்டினார். வெட்டிய குழிக்கு நடுவே இப்படித்தான் ஒரு திட்டு விடுவார்களாம். துரை வந்து அளந்த பிறகுதான் உடைப்பார்களாம்."

உரக்கத்தான் சொன்னேன். கார்மேகத்துக்கும் ஆட்களுக்கும் புரியட்டும் என்று தமிழிலும் ஒருமுறை சொன்னேன். இத்தனை வருஷம் இதை ஏன் மறைத்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. அவ்வளவு பெருமையாக இருந்தது.

திட்டை உடைக்கப் போன கார்மேகம் கையை நிறுத்தினார். "எங்க சாத்தூரு வழியா போற லைனா சார்? எங்காளுகளும் அதுக்கு மண்ணு வெட்டுனவுகதான். உங்க பூட்டன் பேரு என்ன?"

யோசித்துப் பார்த்தேன். யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"தெரியலையே அண்ணாச்சி."

"எங்காளுக பேரும் எங்களுக்குத் தெரியாது சார்" என்று கடப்பாரையை ஓங்கினார் அவர். "அதனால என்ன? ரயிலு ஓடுதுல்ல!"