முசுறு ஏறிய கூடை

1942, பெரிய வெள்ளி, பிற்பகல் மூன்றேகால். மர்சலின் கோயிலிலிருந்து நேரே கொல்லைப்புறம் போனாள். கோழி அடைகாக்கத் தொடங்கி இருபத்தோராம் நாள். காலையில் இரண்டு முட்டைகளில் கீறல் விழுந்திருந்தது.

குண்டு விழும் என்று சாந்தோமில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. முட்டைக்காரியும் ஊரை விட்டுப் போய்விட்டாள். கணவன் ஆரோக்கியநாதனுக்குக் காசம். தினம் ஒரு முட்டையாவது கொடுங்கள் என்றிருந்தார் டாக்டர். வீட்டில் ஒரே கோழி. அது இட்ட ஒன்பதையும் அவனுக்குக் கொடுக்காமல் அடைவைத்தாள். குஞ்சுகள் வளர்ந்தால் முட்டைக்குக் குறையிருக்காது என்றாள். அவன் சரி என்றான். மூன்று வாரம் வெறும் கஞ்சி. கன்னம் ஒட்டிப்போயிற்று.

கொல்லை மாமரத்தில் முசுறு இருந்தது. இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. அதற்காகவே அடைக்கூடையை முக்காலி மேல் ஏற்றி, மூன்று கால்களையும் தண்ணீர்க் கொட்டாங்குச்சிகளில் நிறுத்தியிருந்தாள். போன ஞாயிறு கோயிலில் மந்திரித்துக் கொடுத்த குருத்தோலை ஒன்றைக் கூடையில் செருகினாள். தண்ணீர் கொண்டுவரும் முத்தம்மா சிரித்தாள்.

"இன்னா டீச்சரம்மா, கோழிக்கும் ஓலையா? அது எப்போ வேதத்துல சேந்துச்சு?"

"நீ தண்ணிய ஊத்திட்டுப் போ."

ஓலையின் நுனி மாங்கிளையைத் தொட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

இப்போது அதன் வழியே சிவப்பாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு குஞ்சு ஓட்டிலிருந்து வெளியே வந்து கூடையின் விளிம்புவரை போயிருந்தது. முசுறுகள் அதைத் தின்னவில்லை. பிடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு விரலிலும் ஒன்று, இறக்கைகளில் நான்கைந்து, அலகில் இரண்டு. எல்லாம் கால்களை ஊன்றிப் பின்னுக்கு இழுத்தன. குஞ்சு நாலாபுறமும் விரிந்து கிடந்தது. பிறகு வந்தவை கடித்தன. கடித்த இடத்தில் வயிற்றை வளைத்து எரிக்கும் நீரைப் பீய்ச்சின. எதுவும் அவசரப்படவில்லை. குஞ்சுக்கு இன்னும் மூச்சிருந்தது.

கோழி முட்டைகளை விட்டு எழவில்லை. அதன் இமைகளில் முசுறு தொங்கியது. மர்சலின் அதைத் தூக்கினாள். கைகளில் ஏறின. கீழே, கீறல் விழுந்த முட்டையொன்றில் உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. கீறலின் வழியே அவை உள்ளே போய்க்கொண்டிருந்தன.

முத்தம்மா குடத்தோடு வந்தாள். பார்த்ததும் ஓலையைப் பிடுங்கி எறிந்தாள். குடத்துத் தண்ணீரைச் சாணி மெழுகிய கூடையில் கொட்டினாள். குஞ்சு மிதந்தது. முசுறுகள் பிடியை விடாமல் அதோடு மிதந்தன.

தட்டும் சத்தம் நின்றது.

"கோழிக்கு ரெண்டு கண்ணும் பூடுச்சும்மா" என்றாள் முத்தம்மா. "மீதி முட்டையிலயும் பூந்துகினு கீது. உட்டுடு."

மர்சலின் கோழியைக் கீழே விடவில்லை.

உள்ளே இருமல் கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது.

"மர்சலின், வந்துட்டியா? கோழி ரொம்ப நேரமா கத்துச்சு. பொரிச்சிடுச்சுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிடுச்சு. எத்தனை குஞ்சு?"