லாங் என்றால் எவ்வளவு

தண்டபாணி பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவன். ஏன் என்று கேட்டால் பிடிக்கவில்லை என்பான்; அதற்கு மேல் கேட்டால் எழுந்து போய்விடுவான். தாராபுரத்திலிருந்து ஹைதராபாத் வந்து, கச்சிபௌலியில் ஒரு சின்ன கம்பெனியில் இரவு ஷிஃப்டில் சேர்ந்திருந்தான். பாலம் காற்றில் எவ்வளவு ஆடும் என்று கணக்கிடும் மென்பொருள் அங்கே தயாரானது. பட்டம் இல்லாதவனை முதலில் தகுதிகாண் பருவத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று எடுத்தவர் மேலாளர் உமாசங்கர். அந்தப் பருவம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அந்த வாரம் பார்த்துத்தான் அமெரிக்க வாடிக்கையாளரிடம் அவன் எழுதிய நிரல் வரிகள் கவிழ்ந்தன.

அவன் எழுதியது அதிகமில்லை. கணக்குப் போடும் ஆயத்த நிரல்தொகுப்பு, லைப்ரரி என்பார்கள், யாரோ எப்போதோ எழுதியது. திரையில் பாலத்தை வரையும் பகுதி பகல் ஷிஃப்டில் வரும் சாவித்ரியின் குழுவுடையது. நடுவில் நின்று இங்கே எண்களை வாங்கி அங்கே கொடுக்கும் வரிகள் மட்டும் இவனுடையவை. சின்னப் பாலங்கள் ஒழுங்காக ஓடின. வாடிக்கையாளர் பெரிய ஆற்றுப்பாலம் ஒன்றை முழுசாகக் கொடுத்ததும், எண்ணிக்கை மைனஸில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நிரல் செத்துப்போனது. அதே பாலம் இங்கே அலுவலக சர்வரில் ஓட்டியபோதெல்லாம் ஓடியது.

இங்கே ஓடுகிறது, ஆகவே கோளாறு உங்கள் பக்கம்தான் என்று தண்டபாணி அவர்களுக்கு எழுதினான். அவர்கள் உமாசங்கருக்கு எழுதினார்கள். உமாசங்கர் கோபப்படவில்லை. வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் அறைக்கு வா என்று மட்டும் சொன்னார். எதற்கு என்று தண்டபாணிக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்து எல்லாரும் கீழே கம்பெனி வண்டி ஏறப் போனார்கள். அவன் திரையை விட்டு நகரவில்லை. சாவித்ரி அப்போதுதான் உள்ளே வந்தாள். அவன் வயதுதான். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பம். அவனைப் ‘பாணி’ என்று கூப்பிட ஆரம்பித்ததே அவள்தான். இந்திக்காரர்கள் அதைத் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டு, அவன் வந்தால் தம்ளரை நீட்டினார்கள்.

“வண்டி போயிடும் பாணி. கைக்கு உக்காந்திருக்கே?” கைக்கு என்றால் ஏன்; அவள் தமிழில் ஹைதராபாத் உருது இப்படிக் கலந்து வரும்.

அவன் விஷயத்தைச் சொன்னான். பகல் ஷிஃப்ட்காரர்கள் இரவு ஷிஃப்டின் பக்கத்தில் உட்காருவதில்லை, மெயிலோடு சரி. அவளுக்கு அன்று மென்பொருளின் புது வெளியீடு வேறு இருந்தது. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள். வரிக்கு வரி கேள்வி கேட்டாள். பாதிக் கேள்விகள் அசட்டுத்தனமானவை என்று அவனுக்குப் பட்டது. ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னான்.

“இங்க லாங் போட்டிருக்கே. லாங்னா எவ்ளோ லாங்?” ஒரு எண்ணுக்கு எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும் என்று நிரலுக்குச் சொல்லும் சொல் அது.

“எட்டு பைட்டுங்க.”

“யார் சொன்னா?”

“சர்வர்ல பார்த்தனுங்க.”

“நம்ம சர்வர் லினக்ஸ். அவங்க ஓட்டறது விண்டோஸ்ல.”

பக்கத்து மேசையிலிருந்த விண்டோஸ் கணினியில் இரண்டு வரி எழுதி ஓட்டினாள். நாலு என்று வந்தது.

ஒரே சொல், லினக்ஸில் எட்டு, விண்டோஸில் நாலு. நாலு பைட்டில் இருநூற்றுப் பதினாலு கோடிச் சொச்சம் வரைதான் எண்ண முடியும். அதைத் தாண்டினால் எண் மைனஸில் போய் விழும். லைப்ரரி எட்டு பைட் எண்ணுக்குத் தயாராக இருந்தது. நடுவிலிருந்த இவன் வரிகள் அதை நாலில் நசுக்கிக் கொடுத்தன. பெரிய பாலத்துக்கு வேண்டிய மெமரி அலுவலகத்தில் லினக்ஸ் சர்வரில் மட்டுமே இருந்தது. விண்டோஸில் எல்லாரும் சின்னப் பாலங்களையே ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டிருந்தார்கள்.

லாங் இருந்த இடங்களிலெல்லாம், எங்கே ஓடினாலும் எட்டு பைட்டாகவே இருக்கும் வகையை அவன் போட ஆரம்பித்தான். சாவித்ரி நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள்.

“இன்ட் சின்னது, பத்தாது, லாங் போடுன்னு சொன்னது நான்தானே?”

சொன்னது அவள்தான். நாலு என்று வந்தபோதே அது அவனுக்கு நினைவு வந்தது. சொன்னால் அடுத்தவர் தலையில் கட்டுவதுபோல் இருக்கும் என்று வாயைத் திறக்கவில்லை.

“எழுதினது நானுங்க.”

“ஹவ், ஆமா. ஆனா சொன்னது நான்.”

உமாசங்கரின் அறைக்கு அவளும் வந்தாள். அவர் அவளைக் கூப்பிடவில்லை. நடந்ததை அவளே சொன்னாள்.

“லாங் போடச் சொன்னது நான் சார். அவர் போட்டார். பெரிய பாலத்த விண்டோஸ்ல ஓட்டிப் பாக்கணும்னு எனக்கும் தோணல. இதுக்காக அவரை அனுப்பறதா இருந்தா என்னையும் சேத்துதான் பேசணும்.”

வெளியே பாணி, இங்கே ‘அவர்’. தண்டபாணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு அறையில் அவனுக்காக இதுவரை யாரும் பேசியதில்லை. கல்லூரியில் பேசவில்லை, வீட்டில் பேசவில்லை. இப்போது ஒருத்தி பேசுவது பிடித்திருந்தது. அது அவனுக்கே எரிச்சலாக இருந்தது.

உமாசங்கர் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். சரிசெய்ததை அவர்கள் இயந்திரத்திலேயே ஓட்டட்டும், பிறகு பேசலாம் என்றார். அங்கே அப்போது இரவு; ஒரு பொறியாளர் வீட்டிலிருந்தே விழித்திருந்து ஓட்டினார். மதியத்துக்குள் பதில் வந்தது. பாலம் முழுசாக ஓடியது.

வேலை நிரந்தரம் என்று உமாசங்கர் சொன்னார். மற்றவர்கள் எழுதியதிலும் எங்கெல்லாம் லாங் இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் பொறுப்பையும் அவன் தலையிலேயே போட்டார்.

அவன் நேராக சாவித்ரியின் மேசைக்குப் போனான். எல்லாரும் தேங்க்ஸ் சொல்லும் அலுவலகம் அது. அந்தச் சொல் போதாது என்று தோன்றியது.

“ரொம்ப நன்றிங்க. நீங்க வரலைன்னா இன்னைக்கு ஊருக்குப் பஸ் ஏறியிருப்பேன்.”

“நக்கோ, வேணாம் பாணி அதெல்லாம். போய்த் தூங்கு. கண்ணு ரெண்டும் மிளகாய்ப் பழமாட்டம் இருக்கு.”

அவன் போகவில்லை. காலையில் அவனுக்காக அவள் போட்டுவிட்டு வந்த வெளியீட்டு வேலை அப்படியே கிடந்தது. அதில் எதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, பாதியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.